மூன்று கால் மேசை

இந்த நாற்காலி உட்காருவதற்கு ஏற்றதில்லை, ஐயா. முதுகுப்பலகையை இன்னும் கொஞ்சம் சாய்த்திருக்கலாம். மன்னியுங்கள், தொழில் புத்தி.

வீட்டுச் சாமான்களை வடிவமைப்பது என் வேலை. மிலான் நகரத்து ஓட்டல்களில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய மூன்று கால் மேசை என்னுடையது. ஒவ்வொரு காலும் பாயப்போகும் நாயின் பின்னங்கால்போல வளைந்திருக்கும். பழைய ரோமாபுரியின் அழகை இன்றைய வீட்டுக்குள் கொண்டுவந்தவன் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. அந்த வளைவு எப்படித் தோன்றியது என்று கேட்டவர்களிடம், கனவில் வந்தது என்றேன்.

கனவில் வரவில்லை. வெசூவியோ எரிமலையடியில் என் தங்கை லொரெதானாவின் வீடு இருக்கிறது. அவள் கணவன் சபாத்தோ ஒயின் பீப்பாய் வைக்க நிலவறையை ஆழப்படுத்தியபோது, பழைய ரோமானிய வீட்டின் அறை ஒன்றுக்குள் மண்வெட்டி இறங்கியது. எரிமலைச் சேற்றில் புதைந்து கரியாகிப்போன மர மேசை அங்கே நின்றது, கால்களில் நாய்த்தலைச் செதுக்கலோடு. நான் அதைப் பார்த்து வரைந்தேன். நாய்த்தலையை நீக்கிவிட்டுப் பாய்ச்சலை மட்டும் வைத்துக்கொண்டேன். அரசாங்கத்துக்குத் தெரிந்தால் வீட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று சபாத்தோவிடம் சொல்லிவைத்தேன். அவன் ரொட்டிக்கடைக்காரன். நான் சொன்னதை நம்பினான்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மதியம் என்னைக் கீழே அழைத்துப்போனான். மேசைக் கால்களில் விரிசல். தொட்டால் விரலில் கரி ஒட்டியது.

"காத்து பட்டுப் பட்டு உதிருது மச்சான். நாளைக்கே மியூசியத்துக்காரங்களைக் கூப்பிடப்போறேன். வீடு போனா போகட்டும்."

"இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமே."

"என்ன, நீங்க காப்பியடிச்சது வெளிய தெரிஞ்சிடும்னு பயமா?" என்று சிரித்தான். "எப்பவோ செத்த தச்சன் எழுந்து வந்து கேஸா போடப்போறான்?"

வேடிக்கைக்குத்தான் சொன்னான். எனக்கு முகம் சுட்டது.

அந்த அறையின் வளைவுக்கூரை ஒரு பக்கம் கெட்டி மண்ணிலும், தோண்டிய பக்கம் ஒரு மர முட்டின்மேலும் நின்றது. வளைவு என்பது கல்லும் கல்லும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பது. ஒரு பக்கம் பிடிமானம் போனால் மொத்தமும் போகும். நான் படித்த கட்டடக்கலையில் முதலில் சொல்லித்தருவதே இதைத்தான். மேசையை வெளியே நகர்த்த அந்த முட்டு இடைஞ்சலாக இருந்தது.

"இதை எடுக்கலாமா மச்சான்? உங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும்."

"எடு" என்றேன். படியேறி நின்றுகொண்டேன்.

புழுதி அடங்கியதும் சரிந்த கற்களுக்கடியிலிருந்து அவன் குரல் கேட்டது. கத்தவில்லை. "மச்சான், உங்களுக்கு அடி படலையே?" என்று கேட்டான்.

பதில் சொல்லியிருந்தால் அவன் தொடர்ந்து பேசியிருப்பான். அதனால் கதவைச் சாத்திவிட்டு மேலே போனேன்.

லொரெதானா நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தாள். "என்னண்ணா, மலை இருமுச்சா?"

"அப்படித்தான் போல."

"அவர் எங்கே?"

"கடைக்குப் போயிருக்கான். அடுப்பு ஏதோ பழுதாம்."

"ஞாயித்துக்கிழமைகூட அந்த அடுப்புதான் அவருக்குப் பொண்டாட்டி" என்றபடி பரிமாறினாள். நான் சாப்பிட்டேன். பொரிக்கும் சத்தம் நின்றதும், ஏதாவது பாட்டு வை என்று சொன்னேன். சத்தமாகவே வைத்தாள்.

அவனைத் தேடி அலைந்துவிட்டு அன்றிரவு அவளேதான் கடைசியில் நிலவறைக் கதவைத் திறந்தாள். தீயணைப்பு வீரர்கள் வெளியே எடுத்தபோது உடம்பில் இன்னும் சூடு இருந்தது. மாலை வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர். அன்றிலிருந்து தங்கை என்னிடம் ஒன்றையே கேட்கிறாள்: "கூப்பிட்டிருப்பாரே அண்ணா, நமக்கு எப்படிக் கேக்காமப் போச்சு?" பாட்டு வைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொள்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மேசை கற்களுக்கடியில் கரித்தூளாகிவிட்டது. அதைப் பார்த்து வரைந்தேன் என்பதற்கு என் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆகவே ஒரு வேண்டுகோள், ஐயா. அந்தப் பகுதியை மட்டும் எழுத வேண்டாம். நாளைக்கு நாலு பேர் முன்னால் நான் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும்.