ஒரு துண்டு ஊதுபத்தி நேரம்

அம்மாவைப் புதைத்த ஒன்பதாம் நாள், போளூரில் மலைக்குப் போகும் பஸ்சில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் புளி மூட்டையோடு ஒரு மலைக்காரர். பக்கத்தில் அவருடைய மச்சான், கீழே படவேட்டுப் பக்கத்து ஆள்.

"நேத்து எங்க ஊர்க் கூட்டத்துல ஒரு பொம்பள பேசாமலே ஜெயிச்சிட்டா மச்சான்."

"பேசாம எப்பிடி மாமா ஜெயிக்கிறது?"

"எங்கூர்ல ஊதுபத்திய மூணா ஒடிச்சி, ஒரு துண்டு எரியற வரைக்கும்தான் ஒரு ஆளு பேசலாம். தீர்மானத்துல திருத்தம் சொல்றவங்களுக்கும் அதேதான்."

"உங்கள அடக்கத்தான் வச்சிருப்பாங்க. நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள வெதச்ச கேவுரு மொளைச்சிடும்."

"சும்மா இருய்யா. ரோடு கோயில் வழியா வேணும்னு தீர்மானம். அவ எழுந்து, 'எங்க வூட்டு வழியா கேளுங்க. எம்புள்ளைய ஆஸ்பத்திரிக்கு டோலியில தூக்கினு எறங்கறப்ப பாதியிலயே போய்ட்டான்'னா. அவ்ளோதான். பத்தி பாதிகூட எரியல. 'மீதி நேரம் அவனுக்கு'ன்னு சொல்லிட்டு அப்பிடியே நின்னா."

"ஜனங்க இன்னா பண்ணாங்க?"

"ஒருத்தரும் இருமக்கூட இல்ல. பத்தி அணையற வரைக்கும் பொகையையே பாத்துனு இருந்தோம். கோயில் வழிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னவன் நான். நானே மொதல்ல கை தூக்கினேன் மச்சான்."

பஸ் மலை ஏறத் தொடங்கியது.

அம்மா போன அன்று வந்தவர்களுக்கெல்லாம் காபி வாங்க ஓடிக்கொண்டே இருந்தேன். ஒரு துண்டு பத்தி நேரம்கூட அவள் பக்கத்தில் நான் சும்மா நிற்கவில்லை.