கீழே மட்டும் அடிக்கிற கை

— கித்தார் மீட்டற சில்லு மறுபடியும் ஒடைஞ்சு போச்சா? ஒரு வாரத்துல இது நாலாவது. நல்ல மாட்டுக் கொம்புல செஞ்சதுங்க அது!

— கொம்பு சொத்தைமே ஜெயசீலி.

— ஆமா, ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

— கிண்டலா? விடிஞ்சா உன் தங்கச்சி ஐடாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரு ஆண்டர்சன்பேட்டையிலேர்ந்து வர்றாங்க. ‘பேண்டெல்லாம் எதுக்கு? நான் ஒருத்தனே கித்தார் வாசிச்சு ஊர்வலத்தை சர்ச் வரைக்கும் இட்டுகினு போறேன்’னு அத்தினி பேரு முன்னால சொல்லிட்டேன். பாட்டு ஓட்டமா ஓடணும். என் கை ரெண்டாவது வரியிலயே நொண்டுது.

— எங்க, வாசிங்க பாக்கலாம்... போதும், போதும்! ஒவ்வொரு தந்திக்கும் இன்னாத்துக்கு அவ்ளோ உசரத்துலேர்ந்து கைய எறக்கறீங்க ஏனோக்கு மாமா? பாறையா ஒடைக்கறீங்க?

— எட்டு வருசமா சுரங்கத்துல சம்மட்டி புடிச்ச கைமே இது. என் கூட்டாளி கோவிந்தன் பாறையில துளை போடற ஜம்பர் கம்பியைப் புடிச்சிகினு குந்தியிருப்பான், நான் அடிப்பேன். என் பிடி கொஞ்சம் தளர்ந்தா அவன் மணிக்கட்டு போச்சு. அதான், புடிச்சா உடும்புப் பிடி.

— இங்க கோவிந்தன் யாரும் குந்தியில்ல. உப்பைக் கிள்ளிப் போடுவோம்ல, அந்த அளவுக்குப் புடிங்க. அப்புறம் இன்னொண்ணு. கீழ மட்டும்தான் அடிக்கறீங்க. மேல வரும்போது கை சும்மா வருது.

— சம்மட்டி மேல போகும்போது எவன்மே அடிப்பான்?

— எங்கப்பா சுரங்கத்துக்கு முட்டுமரம் அறுக்கறதைப் பாத்திருக்கீங்கல்ல? ரம்பம் போனாலும் அறுக்கும், வந்தாலும் அறுக்கும். அப்படித்தான். கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. மணிக்கட்டு மட்டும் ஆடட்டும், தோளு தூங்கட்டும். மெதுவா... இன்னும் மெதுவா.

— இவ்ளோ மெதுவா வாசிச்சா பொணத்துக்குப் பின்னால போற மாதிரி இருக்கும்!

— வாயைக் கழுவுங்க! தப்பில்லாம வந்தா வேகம் தானா வரும். ஒண்ணு, ரெண்டு. ஒண்ணு, ரெண்டு.

— அட ஆண்டவரே, வருதுமே! மூணாவது வரியைத் தாண்டிட்டேன்! ஐயோ... போச்சு.

— பரவாயில்ல. இன்னும் ஒரு மாசம் போனா நல்லா வரும்.

— ஒரு மாசமா? நாளைக்குக் காலையிலமே! அந்தப் பொண்ணு கல்யாணத்தை நானே ஊர் சிரிக்க வச்சுடுவேன் போல கீதே. எனக்கு அழுகையே வருது.

— அழாதீங்க. நீங்களே வாசிச்சிடுவீங்கன்னு கடைசி வரைக்கும் பாத்தேன். இப்படிக் குடுங்க அதை.

— ஏய், பாத்து! எங்க சுரங்கத்துல வேலை பாத்த இத்தாலிக்காரன் ஊருக்குப் போகும்போது ஆசையாக் குடுத்துட்டுப் போனது... ஜெயசீலி! இன்னாமே இது! கை எங்க போவுது, எங்க வருதுன்னே தெரியலியே! முழுப்பாட்டும், ஒரு தப்பு இல்லாம! எப்பமே கத்துகினே?

— நீங்க ஷிஃப்டுக்குப் போனா இது நம்ம வீட்டுல சும்மாதானே கெடக்குது? ஏழு மாசமா தெனமும்தான்.

— அப்போ... ஐடாவுக்கு இது தெரியுமா?

— பின்ன? பேண்டு வேணாம்னு நீங்க சொன்னப்ப அவ மறுபேச்சு இல்லாம தலையாட்டினாளே, உங்களை நம்பித்தான்னா நெனச்சீங்க?