கழிவுநீர் வராத ஆலை

அவைக்குத் தலைமை தாங்கும் நகராட்சித் தலைவி ரத்தன் கன்வர் அம்மையார் அவர்களே! தலைநகரிலிருந்து தார்ப் பாலையின் புழுதியைத் தலையில் சுமந்து வந்திருக்கும் தலைமைப் பொறியாளர் மாத்தூர் அவர்களே! தலைப்பாகையைத் தளர்த்திவிட்டு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதை முக்காட்டுக்குள்ளேயே முடிவுகட்டிவிட்ட தாய்மார்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

நான் பேச்சாளன் அல்லன். கேஜ்ரிசர் கழிவுநீர் சுத்திகரிப்பு ஆலையைப் பதினோரு ஆண்டுகளாக இயக்கிவரும் ஹேமாராம். 'இயக்கிவரும்' என்றதும் பின்வரிசையில் சிரிப்புக் கேட்கிறது. சிரியுங்கள். இயக்குவதற்கு அங்கே என்ன வந்தது?

நாளொன்றுக்கு எட்டு லட்சம் லிட்டர் வரும் என்று இரண்டு பெருந்தொட்டிகள் கட்டினார்கள். குழாய் வந்தது. மூடி வந்தது. மோட்டார் வந்தது. மோட்டாருக்குத் துணையாக நானும் வந்தேன். கழிவுநீர் மட்டும் வரவில்லை! முதல் தொட்டியின் அடி நனைந்தது. இரண்டாம் தொட்டி ஒரு சொட்டும் கண்டதில்லை. அதில் மயில்கள் உலவின.

ஏன் வரவில்லை? நான்கு நாளைக்கு ஒருமுறை குழாயில் நீர் வரும் ஊர் இது. கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து குளிக்கிறோம். கட்டிலுக்கு அடியில் அண்டா. குளித்த நீர் துணிக்கு, துணி அலசிய நீர் கழிப்பறைக்கு, மிஞ்சியது வாசல் வன்னிமரத்துக்கு. கழிப்பறைக்குப் போன அந்த ஒரு சொம்பு நீரை நம்பித்தானா எட்டு லட்சம் லிட்டர் ஆலை?

போன ஆண்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கழிவுநீர் வராத ஊருக்குத் தண்ணீர்த் தேவை இல்லை. இனி எட்டு நாளைக்கு ஒருமுறை போதும். நேரில் பார்த்து முடிவு செய்ய அதிகாரி வருவார் என்றது. சிக்கனமாக இருந்ததற்கு இதுதான் பரிசு. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் ஒரு மடத்தனமும் செய்தேன். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகப் போய், ஆய்வு நாளன்று சரியாகப் பத்து மணிக்கு வீட்டுக்கு இரண்டு குடம் நல்ல தண்ணீரைச் சாக்கடையில் கொட்டச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினீர்கள். ஆமாம், நீங்களும்தான், முதல் வரிசை!

ஆய்வு நாள் வந்தது. மாத்தூர் அவர்கள் ஆலைக்குக் கழிவுநீர் வரும் வாய்க்கால் ஓரம் கடிகாரத்தோடு நின்றார். பத்தானது. பத்தேகால் ஆனது. பல்லி ஒன்று வாய்க்காலைக் கடந்து போனது. அவ்வளவுதான். நான் தெருவுக்கு ஓடினேன்; அவரும் பின்னாலேயே வந்துவிட்டார்.

முதல் வீட்டு முற்றத்தில் அந்த வீட்டு அம்மாள் சுகனி பாய். சாக்கடை மூடி திறந்து கிடக்கிறது. இடுப்பில் நிறைகுடம். நிற்கிறார்.

“ஊத்துங்க பாய்-சா, நேரமாச்சு” என்றேன்.

“ஊத்தத்தான் வந்தேன், ஹேமா. கை வரமாட்டேங்குது.”

அவர் கண் கலங்கியிருந்தது. எட்டிப் பார்த்தேன். அந்தத் தெரு நெடுகப் பெண்கள், இடுப்பில் குடம், காலடியில் திறந்த சாக்கடை. ஒருவரும் கவிழ்க்கவில்லை! எனக்கு வெட்கமாக இருந்தது.

இது என்ன நாடகம் என்று மாத்தூர் கேட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அப்படியானால் காலை ஏழு மணிக்கு மட்டும் ஆலைக்கு வரும் கழிவுநீரை அளக்கும் மீட்டர் எப்படி ஏறியது என்று ஏட்டைக் காட்டினார். அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சுகனி பாய்க்கு எழுந்தது.

“சாகிப், விருந்தினர் மாளிகையில காலைல யாரு குளிச்சா?”

“நான்தான்மா.”

“அப்ப அது உங்க தண்ணிதான். எங்க ஊர்ல வேற யாரு அப்படிக் கொட்டுவா?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கட்டிலைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், வன்னியின் நிழலில் வெகுநேரம் நின்றார். இந்த ஊரின் கழிவுநீரை ஆலையில் அளக்க வேண்டாம், மரங்களின் வேரில் அளந்துகொள்ளுங்கள் என்று அறிக்கை எழுதினார். நீரின் முறை குறையவில்லை. அதோடு நின்றாரா? கழிவுநீரே படாத இரண்டாம் தொட்டியைக் குடிநீர்ச் சேமிப்புக்குக் கொடுத்துவிடலாம் என்றும் எழுதினார். இன்று முதல் நான்கு நாள் மூன்று நாளாகிறது! கைதட்டுங்கள், அதற்குத் தண்ணீர் செலவில்லை. மாத்தூர் அவர்கள் இன்று காலை அண்டா வைத்துக் குளித்ததையும் சொல்லிவிடுகிறேன். மீட்டர் அசையவில்லை, பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

தொட்டியைத் திறந்துவைக்க ஓர் அமைச்சரை அழைத்திருக்கலாம். நாங்கள் அழைக்கவில்லை. யாருடைய கை அன்று வரவில்லையோ, யாருடைய கை இந்த ஊரைக் காத்ததோ, அந்தக் கையே முதல் குடத்தை ஊற்றட்டும். பாய்-சா, மேடைக்கு வாருங்கள். அதே குடத்தைத்தான் கொண்டுவரச் சொன்னேன்.

இவ்வளவு நேரம் வெயிலில் அமர்ந்து கேட்ட உங்களுக்கு நன்றி. எனக்கு வைத்த இந்தக் குவளையில் பாதி மிச்சம் இருக்கிறது. மேடைப் பந்தல்கால் அருகே நிற்கும் வன்னிக்கு ஊற்றிவிட்டு இறங்குகிறேன். ராம் ராம்.