மணப்பெண் மாறி ஏறிய கார்

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 6ஆந் திகதி சனிக்கிழமை மாத்தளையில் இறந்துபோன சூசை ரஜீவ் என்பவரின் திடீர் மரணம் தொடர்பாக, அதே மாதம் 9ஆந் திகதி முற்பகல் 10.20க்குப் பதியப்பட்ட வாக்குமூலம்.

பெயர்: சவரிமுத்து கிறிஷாந்த். வயது: 44. சமயம்: கத்தோலிக்கம். தொழில்: சொந்தக் காரில் கல்யாண வாடகை (ஹயர்) ஓடுதல். முகவரி: இல. 38/2, மேட்டு ஒழுங்கை, மாத்தளை. இறந்தவருக்கு உறவு: தங்கையின் கணவர்.

நான் மேற்சொன்ன முகவரியில் மனைவி டயனாவுடனும் இரண்டு பெண்பிள்ளைகளுடனும் வசித்து வருகிறேன். ரஜீவ் என் மனைவியின் மூத்த அண்ணன். அவருக்கு வயது 53. பதினான்கு வருடங்களாக வெள்ளை நிற ஜெர்மன் கார் ஒன்றை வைத்து மாத்தளை, நாவுல, தம்புள்ளைப் பக்கம் கல்யாணங்களுக்கு ஓடி வந்தார். அந்தக் காருக்கு நான் ஆறு வருடங்கள் சாரதியாக இருந்தேன். அந்தக் காலத்தில் எங்களுக்குள் ஒரு தகராறும் வந்ததில்லை.

இந்த வருடம் இறக்குமதித் தடை நீங்கிப் புதிய வாகனங்கள் மறுபடியும் நாட்டுக்குள் வரத் தொடங்கியபோது, வெலோரா என்ற பெயரில் ஒரு புதிய சொகுசுக் காரும் வந்தது. புதிய ஜெர்மன் கார் ஒன்றின் விலையில் அது மூன்றில் ஒரு பங்குதான். தோல் சீட், முழுக் கண்ணாடிக் கூரை, உள்ளே பெரிய திரை எல்லாம் அதில் இருந்தன. பெரிய பெயர் உள்ள எந்தக் காரோடும் இதை நிறுத்திப் பார்க்கலாம் என்று விற்பவர் சொன்னார். நான் நம்பினேன். ஏப்ரல் மாதம் லீசிங்கில், மாதத் தவணைக்கு எடுத்தேன். எடுப்பதற்கு முன் ரஜீவிடம் கேட்டேன். அவர் வந்து காரை இரண்டு முறை சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்து, மூடி, அந்தச் சத்தத்தைக் கேட்டார். அதன் பிறகு என்னிடம், "சாமான் நல்ல சாமான்தான் மாப்ள. ஆனா பேரு வேணுமே. பேரு எடுக்க இருவது வருஷம் போகும்" என்றார். சொல்லிவிட்டு அவரே பிணைக் கையெழுத்தும் போட்டார். கார் வந்த அன்று தன் காரில் முன்னே போய், பாதரிடம் அதற்கு ஆசீர்வாதம் வாங்கித் தந்ததும் அவர்தான். என் இடத்துக்கு வேறு சாரதியை வைக்காமல், அதன் பிறகு தன் காரைத் தானே ஓட்டினார்.

இருபது வருடம் போகவில்லை. நான்கு மாதம் போதுமானதாக இருந்தது. மணப்பெண்களின் தகப்பன்மார் ஜெர்மன் கார் வேண்டும் என்றார்கள். பெண்பிள்ளைகள் கண்ணாடிக் கூரை வேண்டும் என்றார்கள், அதில் படம் நன்றாக வருமாம். பெண்பிள்ளைகள் சொன்னதுதான் நடந்தது. ஆகஸ்ட் மாதத்தில் ரஜீவுக்கு இரண்டு ஹயர்தான் கிடைத்தது. எனக்கு ஒன்பது. புதுக் கார் கேட்டு அவருக்கு அழைத்தவர்களுக்கு அவர் என் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தார். பழைய கார் கேட்டு என்னை அழைத்தவர்களிடம் நான் அவருடைய இலக்கத்தைக் கொடுக்கவில்லை. என் காரே போதும் என்று பேசிச் சமாளித்தேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

சம்பவ தினம் பல்லேபொலயைச் சேர்ந்த ராஜநாயகம் என்பவரின் இளைய மகள் விஜிதாவுக்கு மாத்தளைக் கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம். மூத்த மகளின் கல்யாணத்துக்கு ரஜீவின் கார்தான் ஓடியது என்பதால், மணப்பெண்ணுக்கு அதே காரை ராஜநாயகம் மூன்று மாதம் முன்பே பேசி வைத்திருந்தார். நெருங்கிய சொந்தக்காரர்களுக்கு என் கார். நாங்கள் இருவரும் காலை 8.30க்கு அந்த வீட்டுக்குப் போனோம். ரஜீவ் தன் காருக்கு வெள்ளை ரிபனும் பூங்கொத்தும் கட்டியிருந்தார். சப்பாத்து, கழுத்துப்பட்டி எல்லாம் சரியாகப் போட்டிருந்தார். உடம்புக்கு முடியவில்லை என்று என்னிடம் சொல்லவில்லை.

9.35 அளவில் மணப்பெண் வாசலுக்கு வந்தார். அவர் இரண்டு காரையும் பார்த்துவிட்டு, தான் புதுக் காரில் வருவதாகத் தகப்பனிடம் சொன்னார். ராஜநாயகம் சங்கடப்பட்டு ரஜீவைப் பார்த்தார். ரஜீவ் என்னைப் பார்த்தார். பேசினபடியே போகட்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். நான், "பொண்ணு ஆசப்படுது, இதிலயே வரட்டுங்க. அந்தக் காருக்குக் காலம் போயிருச்சு" என்றேன். சுமார் முப்பது பேர் நின்றார்கள். சிலர் சிரித்தார்கள். படம் பிடிப்பவரும் சிரித்தார்.

ரஜீவ் தன் காரின் முன்பக்கம் போய், கட்டியிருந்த ரிபனையும் பூங்கொத்தையும் தன் கையாலேயே அவிழ்த்து, என் காருக்குக் கொண்டு வந்து கட்டினார். முடிச்சு இறுகாததால் இரண்டாம் முறையும் கட்டினார். கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு கேக் பெட்டியையும் மாலைக் கூடைகளையும் அவருடைய காரில் ஏற்றினார்கள். ஆட்கள் எல்லோரும் வேனிலும் என் காரிலும் ஏறிவிட்டதால் அவர் தனியாகவே எங்களுக்குப் பின்னால் ஓட்டி வந்தார்.

10.20க்குக் கோயிலை அடைந்தோம். மணப்பெண்ணை இறக்கிவிட்டு நான் மதில் ஓரமாகக் காரை நிறுத்தினேன். ரஜீவ் எதிர்ப்பக்கம் மரத்தடியில் நிறுத்தினார். கேக்கை எடுத்துக்கொண்டு போன பிறகும் அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, சீட்டில் சாய்ந்து, கழுத்துப்பட்டியைக் கழற்றினார். லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். எங்களுக்கு இடையில் இருபத்தைந்து அடி தூரம்கூட இருக்காது. நான் போகவில்லை.

பூசை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், கோயிலுக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருக்கும் ஸப்ரி என்பவர் ரஜீவுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். அதன் பிறகு என்னிடம் வந்து, "அந்த ட்ரைவருக்கு ஏலாம இருக்கு போல. வேர்த்துக் கொட்டுது. ஒருக்காப் போய்ப் பாருங்களேன்" என்று சொன்னார். அவர் என் மச்சான்தான், என்மேல் கோபம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று நான் பதில் சொன்னேன். ஸப்ரி போய்விட்டார். நான் தொலைபேசியில் அடுத்த வார ஹயர் ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இப்படி இருபது நிமிடம் போயிருக்கும்.

11.10 அளவில் நான் அந்தப் பக்கம் பார்த்தபோது ரஜீவின் தலை ஒருபக்கம் சரிந்திருந்தது. ஓடிப் போனேன். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டபோது கண்ணைத் திறந்தார். அவருடைய காருக்குப் பின்னால் வேன் ஒன்று குறுக்கே நின்றதால் அதை எடுக்க முடியவில்லை. நானும் ஸப்ரியும் அவரைத் தூக்கி என் காரின் பின் சீட்டில் கிடத்தினோம். ஸப்ரி அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன்.

ரிபனை அவிழ்க்க நேரம் இருக்கவில்லை. பூங்கொத்தைப் பார்த்துவிட்டு, கல்யாணக் கார் என்று நினைத்து எல்லோரும் வழி விட்டார்கள். பஸ் நிலையத்துக்கு அருகில் கடமையில் இருந்த பொலிஸ் உத்தியோகத்தர் மற்ற வாகனங்களை மறித்து என்னை முதலில் போக விட்டார். உள்ளே பார்த்துச் சிரிக்க ஆயத்தமாக நின்றவர்கள் சிலரைக் கண்டேன்.

அந்த வழியில் ரஜீவ் பேசினார். "சத்தமே இல்லயே மாப்ள" என்றார். ஸப்ரியும் அதைக் கேட்டார். நான் திரும்பிப் பார்க்காமல், பேச வேண்டாம், வந்துவிட்டோம் என்று சொன்னேன். அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. அதற்கு முன் அவர் ஒரு தடவைகூட அந்தக் காரில் ஏறியதில்லை. அது நல்ல கார், ஓடும்போது எஞ்சின் சத்தம் கேட்காது என்பது உண்மை. அவர் காரைச் சொன்னாரா, அல்லது அந்த நேரத்தில் காது அடைத்துப்போய் எதுவும் கேட்கவில்லை என்று சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. டொக்டரிடம் கேட்டேன். இரண்டும் இருக்கலாம் என்றார்.

11.25க்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். 11.40க்கு உயிர் பிரிந்துவிட்டதாக அறிவித்தார்கள். மாரடைப்பு என்று பரிசோதனையில் கண்டிருப்பதாக அறிகிறேன். அன்று காலை ஏதாவது தகராறு நடந்ததா என்று விசாரிக்கும்படி அவருடைய மனைவி கெத்தரின் கேட்டிருப்பதாக எனக்குச் சொல்லப்பட்டது. கைகலப்போ வாய்ச்சண்டையோ நடக்கவில்லை. பேசியது நான் மட்டும்தான். அதை மேலே சொல்லியிருக்கிறேன். ஸப்ரி சொன்ன உடனே நான் போயிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று டொக்டரிடம் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

இன்னும் ஒரு விசயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ரஜீவின் சவப்பெட்டி வீட்டில் இருந்தபோது கெத்தரின் என்னை அறைக்குள் அழைத்து, அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார். கார் சத்தமில்லை என்று சொன்னார் என்றேன். கெத்தரின், "என்னையக் கேக்கலயா?" என்றார். நான், "கேட்டாருங்க அக்கா. கெத்தரினுக்குச் சொல்லிட்டியான்னு கேட்டாரு" என்று சொன்னேன். அவர் அழுதார். அதுவரை அவர் அழுதிருக்கவில்லை.

அது உண்மையல்ல. ரஜீவ் அப்படிக் கேட்கவில்லை. சத்தியம் செய்து பேசுகிற இடம் என்பதால் இங்கே அதை மறைக்க முடியவில்லை. இந்தப் பகுதியைக் கெத்தரினின் முன்னால் வாசிக்காமல் விட முடியுமா என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டேன். அப்படி உறுதி தர முடியாது என்று அவர் சொன்னார். அப்படியானால் அதை எழுத வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

இது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் உள்ள யாவும் உண்மை. கெத்தரினிடம் சொன்னது மட்டும் பொய்.

(ஒப்பம்) ச. கிறிஷாந்த்