அரைமணி நேரம் படுக்கக் கேட்டான்

வெளிநாட்டுக்குப் போய்க் குறுந்தூர விமான நிறுவனத்தில் சேரலாமா என்று கேட்கிற பையன்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ராத்திரி அவரவர் வீட்டில் தூங்கலாம். கண்டம் விட்டுக் கண்டம் பறக்கிறவர்கள் பாதி வாழ்க்கையை ஓட்டல் அறைத் திரைச்சீலைகளைப் பார்த்தே கழிக்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. காலையில் கிளம்பி இரண்டு ஊருக்குப் போய்த் திரும்பி, சாயங்காலம் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கலாம். அதோடு, நாள்முழுக்க ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பதால் அனுபவம் சீக்கிரம் சேரும். பெரிய நிறுவனத்தில் தலை நரைத்த பிறகு வருகிற கேப்டன் பதவி இங்கே மீசை கருப்பாக இருக்கும்போதே வந்துவிடும். என் தம்பியை இதைச் சொல்லித்தான் வரவழைத்தேன். ஒரு வார்த்தை பொய் இல்லை.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். தம்பியின் விபத்தை விசாரித்து நீங்கள் எழுதிய வரைவறிக்கையை, நான் வேலை செய்கிற அறையின் தலைவர் காட்டினார். வேலை முடிந்து வீட்டுக்குக் கார் ஓட்டிப் போகும்போது தூங்கிப்போனான் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. விமானிகளின் பணிப்பட்டியலான ரோஸ்டரைப் போட்டதில் சற்று அலட்சியம் இருந்திருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ரோஸ்டரைப் போட்டவன் நான். என்னை யார் என்ன சொன்னாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். அலட்சியம் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. அதைச் சரிசெய்யத்தான் வந்தேன்.

நானும் விமானிதான். தம்பிக்கு முன்னால் இங்கே வந்தவன். துணை விமானியாக வலப்பக்க இருக்கையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து, கேப்டனாக இடப்பக்கம் மாறுகிற நாள் குறித்தாயிற்று. தோளில் மாட்டுகிற நான்கு பட்டியை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். அதற்கு முன்னால் வழக்கமான மருத்துவப் பரிசோதனை. டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். நேராகத்தான் நிற்கிறேன் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்காதில் கோளாறு. நடக்கலாம், ஓடலாம், கார் ஓட்டலாம், விமானம் மட்டும் ஓட்டக் கூடாது.

அன்றைக்குத் தம்பி என்னைவிட அதிகம் அழுதான். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், எனக்கு அடிபட்டால் அவன் அழுவான். எனக்கு அது எப்போதும் கொஞ்சம் எரிச்சல்தான்.

நிறுவனம் என்னைக் கைவிடவில்லை. ரோஸ்டர் அறையில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். எந்த விமானி எந்த நாள் எந்த விமானத்தில் என்று மாதாமாதம் முடிவாகிற இடம் அது. விமானிகள் சாமிக்குப் பயப்படுகிறார்களோ இல்லையோ, அந்த அறைக்குப் பயப்படுவார்கள். மனைவியின் பிரசவமும் மச்சான் கல்யாணமும் எங்கள் தயவில்தான் நடக்கும். கணினி முதலில் ஒன்றைப் போட்டுத் தரும். அது எல்லோருக்கும் சமமாகக் கசக்கும். நாங்கள் உட்கார்ந்து இங்கே கொஞ்சம் சர்க்கரை, அங்கே கொஞ்சம் சர்க்கரை என்று போடுவோம். தம்பிக்கு நான் தாராளமாகவே போட்டுவந்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் மகளுடைய பள்ளிக்கூட நாடகத்துக்கு லீவு கிடைத்தது என்னால்தான்.

பிறகு அவனுக்குக் கேப்டன் பயிற்சிக்கு நாள் வந்தது. ஓடிவந்து சொன்னான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நீங்கள் நம்பாவிட்டாலும் அதுதான் உண்மை. போகும்போது கதவருகே நின்றுகொண்டு, "அண்ணா, பாஸானா உன்கிட்ட இருக்கிற பட்டியைத்தான் நான் போட்டுக்கணும். நீதான் மாட்டி விடணும். சும்மாதானே கிடக்குது" என்றான்.

சும்மாதானே கிடக்குது. அவன் அன்போடுதான் சொன்னான், எனக்குத் தெரியும். ஒருவன் வேண்டுமென்று குத்தினால் திருப்பிக் குத்தலாம். கட்டிப்பிடித்துக்கொண்டு குத்துகிறவனை என்ன செய்வது? "போட்டுக்கோடா" என்று சிரித்தேன். அந்த மாதத்திலிருந்து சர்க்கரையை நிறுத்தினேன்.

இங்கேதான் அலட்சியம் என்ற பேச்சு அடிபட்டுப் போகிறது. ஒரு மனிதனை விதிக்கு உட்பட்டுத் தூங்கவிடாமல் செய்வது சாமானிய வேலை இல்லை. விடியுமுன் எழுந்து போகிற வேலையாக நாலு நாள் போட்டால் உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும். பழகுகிற நேரம் பார்த்து, நடுராத்திரியில் முடிகிற வேலைக்கு மாற்ற வேண்டும். அதற்கும் பழகினால் திரும்ப விடியற்காலைக்கு. நடுவில் ஒரு விடுமுறை நாள். அது நடுராத்திரியில் வீட்டுக்கு வந்த பிறகு தொடங்கும், மறுநாள் கோழி கூவுமுன் முடிந்துவிடும். காகிதத்தில் அது ஒரு முழுநாள். அவனோ அன்றைக்குப் பகல் முழுதும் படுக்கையில் புரண்டுவிட்டு, ராத்திரி தூக்கம் வரும் நேரத்துக்கு எழுந்து சட்டை போடுவான். நீங்கள் அந்தத் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள். அவற்றில் ஒன்றும் கிடைக்காது. நான் ஒரு விதியைக்கூட மீறவில்லை.

விமானத்தில் அத்தனை பேர் இருந்தார்களே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவனுக்குப் பக்கத்தில் எப்போதும் நன்றாகத் தூங்கி எழுந்த, கூர்மையான பயிற்சி கேப்டனாகப் பார்த்துத்தான் போட்டேன். பயணிகள் விஷயத்தில் நான் கறாரானவன்.

கேப்டன் ஆவதற்கு முன் கடைசியாக ஒரு பரீட்சைப் பயணம் உண்டு. எங்கள் நிறுவனத்தில் அதில் இரண்டு முறை தவறினால் பிறகு ஆயுளுக்கும் வலப்பக்க இருக்கைதான். நான் நினைத்தது அவ்வளவுதான். முதல் தடவை தவறினான். விமானக் கட்டுப்பாட்டு அறை சொன்ன உயரத்தைத் திருப்பிச் சொல்ல மறந்துவிட்டான். பரிசோதகர் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் விழித்துக்கொண்டான். நேராக என் அறைக்கு வந்து எதிரே உட்கார்ந்தான். முகம் சுண்டிப்போயிருந்தது.

"தூக்கமே போதலண்ணா. கொஞ்சம் பாரேன்."

"பாக்கறேன்டா. மேலேருந்து நெருக்கறாங்க" என்றேன்.

அந்த வாரம் அவன் வீட்டில் சாப்பிட்டேன். அவன் மனைவி எனக்குப் பரிமாறிக்கொண்டே பேச்சை எடுத்தாள். அவளும் இதே நிறுவனத்தில் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவள், விவரம் தெரிந்தவள்.

"சோர்வு ரிப்போர்ட் ஒண்ணு போட்டுடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிறேன் மாமா. போட்டா மறுநாளே ரோஸ்டரை மாத்தித்தான் ஆகணும். இவர் கேக்கவே மாட்டேங்கறார்."

தம்பி தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "ரிப்போர்ட் போட்டா யாரு ரோஸ்டர் போட்டாங்கன்னுதான் முதல்ல கேப்பாங்க. அண்ணன் பேருதான் அடிபடும். ஏற்கெனவே ஒரு வேலை போச்சு அவனுக்கு."

"நீங்களே சொல்லுங்க மாமா" என்று அவள் என்னைப் பார்த்தாள்.

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். போடுடா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் அன்றைக்கே போட்டிருப்பான், சொன்னபேச்சு தட்டாதவன். நான் தண்ணீர் குடித்தேன். குடித்துவிட்டு, "அவனுக்கு எது சரின்னு படுதோ செய்யட்டும்மா" என்றேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்காக ஏதோ தாங்கிக்கொள்கிறவனின் சிரிப்பு. அதற்கு முன்வரை எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் போய்விட்டது.

இரண்டாம் பரீட்சைக்கு முந்தின நாளைப் பற்றித்தான் உங்கள் அறிக்கை. விடிவதற்கு முன் போன் செய்தான்.

"அண்ணா, இன்னிக்கு முடியும்னு தோணல. வேற யாரையாவது போடேன்."

"ஸ்டாண்ட்பைல ஆளே இல்லடா. இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிடு."

ஸ்டாண்ட்பை விமானி எனக்கு எதிரே கால்மேல் கால் போட்டுக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். அவருக்குத் தமிழ் தெரியாது.

தம்பி வந்தான். அன்றைய நாலு பயணத்தையும் ஒழுங்காகவே முடித்தான். மதியம் திரும்பிவந்தபோது, மூடியிருந்த என் அறைக் கதவுக்கு முன்னால் நின்று, அதைத் திறக்கக் கார்ச் சாவியின் பொத்தானை இரண்டு தடவை அமுக்கினான். கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்.

"ஓய்வறைல அரைமணி நேரம் படுத்துட்டுப் போறேண்ணா. அப்படியே கண்ணு சொருகுது."

அந்த அறையில் நீளமான சோபா இருக்கிறது, திரை இருக்கிறது. அந்த நேரத்தில் யாரும் இல்லை. அரைமணி அல்ல, சாயங்காலம்வரை தூங்கியிருக்கலாம்.

"இங்க படுத்தா அதை வேலை நேரத்துல சேத்துடுவாங்கடா" என்றேன். "நாளைக்கு வேண்டிய ஓய்வு குறைஞ்சிடும். காலைல உன் பரீட்சையையே ரத்து பண்ண வேண்டியதாயிடும். வீட்டுக்குப் போய்த் தூங்கு."

அப்படி ஒரு விதி இல்லை. உலகத்தில் எந்த நிறுவனத்திலும் இருக்காது. வேறு எந்த விமானி கேட்டிருந்தாலும் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பான். தம்பி தலையாட்டினான். விதிகளைப் பொறுத்தவரை அண்ணன் சொன்னால் சொன்னதுதான்.

அவனை அனுப்பியது பரீட்சையில் தவறுவதற்காகத்தான் என்று உங்களிடம் சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துவந்தேன். ஆனால் வீட்டுக்குப் போய்த் தூங்கினால் அவன் தேறியிருப்பான். அது எனக்குத் தெரியும். தூங்கி எழுந்தால் அவனைப்போல விமானம் ஓட்டுகிறவன் எங்கள் நிறுவனத்தில் இல்லை. அந்தச் சாலையும் எனக்குத் தெரியும். ஊரைத் தாண்டியதும் நேர்கோடாகப் போகும். வேலியும் வெயிலும் தவிர எதுவும் இருக்காது. நானே அதில் எத்தனையோ தடவை தொடையைக் கிள்ளிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். கதவுக்கு முன்னால் சாவியை அமுக்கினவன் அந்தச் சாலையில் எத்தனை தூரம் போவான் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லும். நான் எழுந்து வாசல்வரை கூடப் போனேன்.

"கண்ணாடியை இறக்கிவிட்டுக்கோ. சத்தமாப் பாடிக்கிட்டே போ" என்றேன்.

"நான் பாடினா மாடு மிரளும்ணா" என்றான்.

சாலையோரம் பஞ்சராகி நின்ற லாரி. பிரேக் பிடித்த தடம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கார்க் கண்ணாடிகள் இறங்கியிருந்தன என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் இருந்ததால்தான் மாமா, அவர் இத்தனை நாள் தாக்குப்பிடித்தார் என்று அழுதாள். நான் மறுக்கவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு அது ஆறுதல். அவர்களை இனி நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், பார்த்துக்கொள்வேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆக, கொன்றது நான். சாலையும் இல்லை, லாரியும் இல்லை. தெரிந்தே செய்தேன், நிதானமாகச் செய்தேன். அலட்சியம் என்ற சொல்லை நீங்கள் அடித்துவிட்டால் போதும்.

இன்னொன்று. விமானி தன் சோர்வை உரியவரிடம் தெரிவிக்கவில்லை என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அதில் கைவைக்காதீர்கள், அது சரிதான். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவன் கேப்டனாகி என்ன செய்யப்போகிறான்? அந்தப் பதவிக்கு அவன் இன்னும் தயாராகவில்லை, நான் அதை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டேன். என்னிடம் சொன்னானே என்று கேட்காதீர்கள். அது அண்ணன் தம்பிக்குள் பேசிக்கொண்டது.