டீச்சரின் கிழமைகள்

உட்கார்ந்தபடியே பலூன் தட்டும் ஆட்டத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, ஐயா. ஆனால் முழங்கால் போனவர்களுக்கும் தோள் இறுகிப்போனவர்களுக்கும் அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. பலூன் மெதுவாக வரும், கை தானாக மேலே போகும். பார்க்க வந்த பிள்ளைகள் கதவருகே நின்று, தங்கள் அப்பா சிரிப்பதைக் கண்டு வாயடைத்துப் போவார்கள். அந்த முதியோர் இல்லத்தில் நிகழ்ச்சிகள் எல்லாம் என் பொறுப்பு. காலைப் பிரார்த்தனை, நாற்காலிப் பயிற்சி, பாட்டு, பிறந்தநாள் கொண்டாட்டம். இல்லத்தை நடத்துவது ஒரு பிரார்த்தனைச் சபை. துணி துவைக்கும் அறைக்கு அடுத்த அறையில் நான் தங்கியிருந்தேன். எனக்கென்று வேறு வீடு இல்லை. பரிதாபப்படுவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் முகவரி கேட்டீர்கள்.

டீச்சர் வருவதற்கு முன்பு பிரார்த்தனைக் கூடத்தில் முன்வரிசை மட்டும்தான் நிரம்பும். அதிலும் பாதிப் பேர் தூங்கி வழிவார்கள். டீச்சர் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார். மகன் வீடு மாடியில் இருந்தது, இவருக்கோ படி ஏற முடியாது. அதனால் எங்களிடம் வந்தார். வந்த வாரமே கூடத்து மூலையில் துணி போர்த்திக் கிடந்த பியானோவைத் திறந்து, தூசியில் நன்றாகத் தும்மிவிட்டு, "இதுக்கு இன்னும் மூச்சு இருக்கு. நமக்கும் இருக்கு. பாடுவோமே" என்றார்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார், டிரைவர் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். யாரோடும் பேசாமல் ஜன்னலோரமே பழியாய்க் கிடப்பவர். அவரைப் பாடச் சொன்னபோது, "என் குரலுக்கு பிரேக் கிடையாது டீச்சர்" என்றார். "பரவாயில்ல, நீங்க ஹாரன் அடிங்க, நாங்க ஓட்டிக்கிறோம்" என்றார் டீச்சர். கொஞ்ச நாளில் சாப்பாட்டு அறையிலிருந்து நாற்காலிகளைத் தூக்கிவர வேண்டியதாயிற்று. சபைப் பெரியவர்கள் வந்து கேட்டுவிட்டு என்னைப் பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை.

டீச்சர் என்னை மகளே என்று கூப்பிட்டார். மற்றவர்களுக்கு நான் பலூன்காரம்மா. மதியம் எல்லாரும் படுத்த பிறகு நான் அவருக்குத் தலை வாரிவிடுவேன். "பொண்ணு இல்லாத குறை எனக்குத் தீந்துபோச்சு" என்று ஒருநாள் சொன்னார். ஒருவர் சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறவள்.

பிறகு ஒரு மதியம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கட்டில் முழுக்கத் துணி பரப்பியிருந்தது.

"மகளே, என் புள்ள கீழேயே எனக்குன்னு ஒரு ரூம் கட்டிட்டானாம். பேத்திதான் சுவருக்கு கலர் சொன்னாளாம். அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போறேங்கிறான்."

"சந்தோஷம் டீச்சர்" என்றேன்.

"பின்ன? என் வீடாச்சே" என்று சிரித்தார். எந்தப் புடவையை உடுத்திக்கொண்டு போவது என்று என்னையே கேட்டார். நீலம் நன்றாக இருக்கும் என்றேன். அன்று எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. பாட்டுக் குழு என்னாகும், டிரைவர் என்னாவார் என்றுதான் யோசித்தேன்.

அந்த வாரம் டீச்சர் தன் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடினார். இது எல்லாரும் செய்வதுதான். நர்ஸ் விளையாட்டாக, "என்ன டீச்சர், உங்களுக்கும் ஆரம்பிச்சிடுச்சா?" என்றார். ஒரு நொடி டீச்சரின் முகம் மாறியது. நர்ஸ் அதைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

மறுநாள் கண்ணாடியை எடுத்து அவருடைய சிறிய பிரிட்ஜுக்குள் வைத்தது நான். பிறகு சீப்பைத் தலையணை உறைக்குள் வைத்தேன். பயிற்சி நேரத்தை மாற்றிவிட்டு, "நீங்கதானே டீச்சர் மாத்தச் சொன்னீங்க?" என்றேன். அவர் பாட்டை வாசிக்கும்போது, அதை இப்போதுதான் வாசித்து முடித்தோம் என்று மெதுவாகக் காதில் சொன்னேன். குரலை உயர்த்தவே இல்லை. அவரைப் பிறர் முன்னால் அவமானப்படுத்தவும் இல்லை.

இல்லத்தில் ஒவ்வொரு அறையிலும் ஒரு சிறு பலகை தொங்கும். கிழமை, தேதி, அன்றைய நிகழ்ச்சி. தினமும் காலையில் அதை மாற்றி வைப்பது என் வேலை. டீச்சர் அறையில் மட்டும் சில நாட்கள் மாற்றாமல் விட்டேன். சில நாட்கள் முன்னால் தள்ளி வைத்தேன். பாட்டு நாளில் அவர் இரவு உடையோடு உட்கார்ந்திருப்பார். பாட்டு இல்லாத நாளில் நல்ல புடவை உடுத்திக் கிளம்பிக் கூடத்துக்குப் போய், காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அப்போதெல்லாம் கைபிடித்து அழைத்து வந்தது நான்தான்.

"எனக்கு என்னமோ ஆகுதுடி. யார்கிட்டயும் சொல்லிடாதே. புள்ள பயந்துடுவான்" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். அன்றே நர்ஸிடம் சொன்னேன். அக்கறையாகத்தான் சொன்னேன்.

டாக்டர் வந்த அன்று டீச்சர் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. "இன்னைக்கு என்ன கிழமைம்மா?" என்று கேட்டார் டாக்டர். டீச்சர் முந்தைய கணம்வரை பலகையைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். முதல் பெஞ்சுப் பிள்ளைபோல நிமிர்ந்து உட்கார்ந்து, "வியாழன்" என்றார். அன்று சனிக்கிழமை. டாக்டர் பேனாவை மூடினார்.

மகன் என்னிடம் வந்து நின்றார். நல்ல மனிதர். "நீங்கதான் அம்மாகூட எப்பவும் இருக்கீங்க. என்ன செய்யலாம், சொல்லுங்க" என்றார்.

"வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க சார். அவங்க ஆசை அதுதான். அடுப்பை மட்டும் பாத்துக்கங்க. அப்புறம் பேத்தியைத் தனியா அவங்ககிட்ட விடாதீங்க" என்றேன்.

அவர் வெகுநேரம் காரைக் கிளப்பாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

டீச்சரை உள் வார்டுக்கு மாற்றினார்கள். மறதி நோய் உள்ளவர்களுக்கான வார்டு அது, கதவில் நம்பர் பூட்டு உண்டு. மாத்திரை கொடுக்க ஆரம்பித்தார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த மாத்திரையில் டீச்சருக்குக் கை நடுங்கியது, பியானோவில் விரல் நிற்கவில்லை. பாட்டுக் குழு கலைந்தது. டிரைவர் பழையபடி ஜன்னலோரம் போனார். "டீச்சரம்மா எப்ப வருவாங்க?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டார். சீக்கிரம் வருவார்கள் என்றேன்.

பாட்டே இல்லை என்றான பிறகு ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். நிறுத்தினால் அவர் தெளிந்துவிடுவார். தெளிந்தால் போய்விடுவார். உள் வார்டில் மதியம் முழுக்க நாங்கள் இருவர்தான். தலை வாரிவிடுவேன், சாதம் ஊட்டுவேன். அவர் என்னைத் தவிர யாரையும் தேடவில்லை.

ஒருநாள் அவர் தூங்குகிறார் என்று நினைத்துக் கண்ணாடியை எடுத்தேன். திரும்பினால் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதானா?" என்றார்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். சிரித்தார், கண்ணில் நீர் வழியச் சிரித்தார். "எனக்கு ஒண்ணுமே இல்லடி. புள்ளைக்கு போன் போடு, மகளே. நான் உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன். போடு."

நான் கண்ணாடியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு நர்ஸிடம் போனேன். "டீச்சர் என்னைத் திருடின்னு நினைக்கிறாங்க, பாவம். கோபப்படாதீங்க" என்றேன். நர்ஸ் என் தோளைத் தட்டினார். இந்த நோயில் அது சகஜம், நெருக்கமானவர்கள் மேல்தான் சந்தேகம் வரும் என்றார். மாத்திரையைக் கூட்டினார்கள். டீச்சர் எல்லாரிடமும் சொன்னார். மகனிடமும் சொன்னார். எல்லாரும் "சரிம்மா, சரி" என்றார்கள். பிறகு அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். நான் கிழமை சொன்னால் தலையாட்டுவார்.

புது டாக்டர் வராமல் இருந்திருந்தால் நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். அவர் மாத்திரையைக் குறைத்துவிட்டுக் கிழமை கேட்டாராம். "என்னைக் கேக்காதீங்க, அந்தப் பலகையைக் கேளுங்க" என்றாராம் டீச்சர். டாக்டர் பலகையைப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலையில் நான் அதை மாற்றும்போது என் பின்னால் நின்றிருந்தார். நான் ஒளிக்க முயலவில்லை. அவர் கேட்ட எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், இப்போது உங்களிடம் ஒப்புக்கொள்வதைப்போல. டீச்சருக்கு ஒரு நோயும் இருக்கவில்லை. இருந்ததெல்லாம் நான் செய்தது.

நேற்று நீங்களும் மகனுமாகப் போய் அவரிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னதாகச் சொன்னீர்கள். வீட்டுக்குப் போகலாம் வாருங்கள் என்று மகன் கெஞ்சினாராம். டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இல்லப்பா, எனக்குத்தான் மறதி. என்னை இங்கேயே விட்டுடு. அந்தப் பொண்ணு மேல பழி போடாதீங்க" என்றாராம். மகன் வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டாராம்.

இதைச் சொல்லும்போது நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். நான் உடைந்துபோவேன் என்று எதிர்பார்த்தீர்களோ என்னவோ. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பெற்ற பிள்ளை கண்ணெதிரே நின்று கெஞ்சியும், அவர் என்னைத்தான் நம்பினார், ஐயா. மற்றதையெல்லாம் எழுதிக்கொள்கிறீர்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.