காய்ச்சி வடித்த தண்ணீர்

மாலை ஏழு மணி. செம்பு முலாம் பூசும் பட்டறைக்குப் பின்னால் ஈ காக்கை இல்லாத சாலை. என் நண்பனுடைய அண்ணி தனியாக நடந்து வந்தாள். பையில் ஒரு பாட்டில்... அந்தத் தெருக் கிணற்றுத் தண்ணீர். அதைக் குடித்த பிள்ளைகள் ஒவ்வொன்றாய் வாந்தி எடுத்துப் படுத்திருந்தன. ஒரு பிள்ளை செத்தும் போயிருந்தது.

அண்ணிக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே ஓர் இருட்டறை. தண்ணீரில் மருந்தைக் கலந்து புற ஊதா விளக்கின் கீழே பிடிப்பார்கள். செம்பு இல்லையென்றால் கறுப்பாகவே கிடக்கும். தூசி அளவு செம்பு இருந்தாலும் போதும்... தான் தீராமல், மருந்தைத் திரும்பத் திரும்பத் தூண்டிவிட்டுக்கொண்டே இருக்கும். சோதனைக் குழாய் நீலமாய் ஒளிரும்.

அன்றிரவு அண்ணி பிடித்த குழாயும் ஒளிர்ந்தது.

பின்னால் செருப்புச் சத்தம். மேலதிகாரி. பட்டறை முதலாளியின் மைத்துனர்.

"இதக் கொட்டிட்டு, காய்ச்சி வடிச்ச தண்ணிய வச்சுப் பாரும்மா. செம்பு இல்லன்னு எழுதி முடி."

"முடியாது சார்."

"வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும். அதான் பொய் எழுத மாட்டேன்."

அவர் குழாயைப் பிடுங்கிக் கழுவுதொட்டியில் கொட்டினார். காய்ச்சி வடித்த தண்ணீர் பாட்டில் ஒன்றைப் புதிதாய் அவரே திறந்தார். அவரே மருந்தைக் கலந்தார். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கறுப்பு... கறுப்பு... பிறகு மெல்ல, நீலம்.

"நீ என்னமோ கலந்துட்ட!"

"நான் தொடவே இல்லியே சார்."

இன்னொரு புது பாட்டில். இன்னும் பளிச்சென்று நீலம். நாக்கில் செம்புக்காசு வைத்தது போல ஒரு சுவை. கொட்டிய தண்ணீர் போன ஓட்டைக்குள்ளிருந்து... குளக்... குளக்...

அவர் கை தவறிக் குழாய் விழுந்து உடைந்தது. மருந்து மணிக்கட்டெல்லாம் தெறித்தது.

 அண்ணி தொட்டியைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "யாரா இருந்தாலும் சரி, பயமுறுத்தாதீங்க. நீங்க சொல்லலேன்னாலும் நான் எழுதத்தான் போறேன்."

செம்பு உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாளைப் பறிக்க அவர் கையை நீட்டினார். கை விளக்கின் கீழே வந்தது. மணிக்கட்டைச் சுற்றி, நீலமாய்... நான்கு சின்ன விரல்கள். ஒரு கட்டைவிரல்.

அவர் கையை இழுத்தார். வரவில்லை.

"விட்டுடு கண்ணு," என்றாள் அண்ணி. "எழுதியாச்சு."

விட்டது.

கிணற்றை மூடினார்கள். அண்ணி அதே வேலையில்தான் இருக்கிறாள். அவர்தான் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த விரல் தடம் எத்தனை கழுவியும் போகவில்லையாம். விளக்கை அணைத்தால் தெரிகிறதாம்.

இப்போது... இரண்டு கையிலும்.